மூக்கார் மகனுக்கு மெஷின் எதுக்கு?

மூக்காரைத் தெரியாத டிரைவர் அந்த பஸ் டிப்போவில் ஒருத்தர்கூடக் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஓய்வுபெற்ற அன்று மேலாளர் காகிதத்தைப் பார்த்து அந்தப் பெயரைப் படித்தபோது, கூட்டத்தில் பாதிப் பேர் "யாருப்பா அது?" என்று திரும்பிப் பார்த்தார்கள். ஊருக்கே மூக்கார் என்று ஆன பிறகு சொந்தப் பெயரை யார் கண்டது!

அப்படியொன்றும் பெரிய மூக்கு இல்லை. எல்லார் மூஞ்சியிலும் இருக்கிற மாதிரி இரண்டு துவாரம்தான். சளியும் பிடிக்கும், தும்மலும் வரும். ஆனால் அது பார்த்த வேலை லேசுப்பட்ட வேலை இல்லை. டிப்போ வாசலை ஒட்டி டைம்கீப்பர் அறை, அதற்கு ஒரு ஜன்னல். இருபத்தேழு வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் மூக்கார். விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் டிரைவர்கள் வரிசை கட்டி வருவார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, குனிந்து, ஜன்னலுக்குள் மூஞ்சியை நீட்டி, "ஹா" என்று ஒரு மூச்சு விட வேண்டும். அந்தக் காலத்தில் மெஷின் ஏது, கிஷின் ஏது? மூக்கார் தலையாட்டினால் டூட்டிச் சீட்டு கைக்கு வரும். தலையாட்டாவிட்டால், "வீட்டுக்குப் போய்த் தூங்குப்பா" என்பார். அவ்வளவுதான். திட்டும் கிடையாது, தர்க்கமும் கிடையாது.

பீரா பிராந்தியா என்று சொல்வார். ராத்திரி குடித்ததா, விடிந்த பிறகு குடித்ததா என்றும் சொல்வார். அவரை ஏமாற்ற ஆட்கள் போடாத வேஷம் இல்லை. ஒருத்தர் வாய் நிறையக் கிராம்பை அடக்கிக்கொண்டு வந்தார். "கிராம்பு நல்லாத்தான் இருக்கு. அதுக்கு அடியில என்ன இருக்குன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார் மூக்கார். இன்னொருத்தர் மூச்சை உள்ளுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு சத்தத்தை மட்டும் விட்டார். "சத்தத்த நீயே வச்சுக்கோ, காத்த மட்டும் குடு" என்றார். வரிசையே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கெட்டிக்காரத்தனம் எல்லாம் அந்த ஜன்னல் வரைக்கும்தான் என்று டிப்போவில் ஒரு பேச்சே உண்டு.

ஹும், அது ஒரு காலம். டீசல் புகையும், ஈரச் சிமெண்டுத் தரையும், புது டயரின் ரப்பரும், டிரைவர்களின் சோப்பு வாசமும் கலந்து வருமே ஒரு காற்று, அதை இழுத்தால்தான் அவருக்கு விடிந்த மாதிரி இருக்கும்.

வீட்டிலும் அந்த மூக்கு சும்மா இருந்ததா என்றால் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பையன். தவமாய்த் தவமிருந்து பெற்ற பிள்ளை என்பார்களே, அதே கதைதான். பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மூக்கார் காலை டூட்டி முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பையைத் தூக்கி ஒரு மூலையில் வீசிவிட்டு ஓடி வருவான். மடியில் ஏறி, அப்பாவின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "ஹா!"

"ஆரஞ்சு மிட்டாய்."

"எத்தன?"

"ரெண்டு."

"ஐயோ! எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?"

ரெண்டு என்பது மூக்கு சொன்னதில்லை, நாக்கின் நிறம் சொன்னது. அதைப் பையனிடம் அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. "புள்ளைய இப்படியா மோந்து மோந்து பாப்பீங்க, நாய்க்குட்டியா அது?" என்று சமையலறையிலிருந்து அம்மா சத்தம் போடுவாள். அப்பாவும் மகனும் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. காய்ச்சல் வருவதற்கு முதல் நாளே பையனின் மூச்சில் ஒரு புளிப்பு வரும். "நாளைக்கு இவனுக்கு உடம்பு சுடும் பாரு" என்று மனைவியிடம் சொல்லி வைப்பார். சொன்ன மாதிரியே சுடும். பதினைந்து வயதில் ஒருநாள் சிகரெட் வாசத்தோடு வந்து நின்றான். மூக்கார் திட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, "மொதல்ல வாய நல்லா கொப்பளிச்சிட்டு வா" என்றார். பையன் அன்று கூனிக்குறுகிப் போனான். அதற்குப் பிறகு சிகரெட் பக்கமே போகவில்லை.

அந்தப் பையன் வளர்ந்து, அதே டிப்போவில் டிரைவராகச் சேர்ந்தான். முதல் நாள் விடிகாலை, புதுச் சீருடையில், வரிசையில் எல்லாரையும் போல நின்று வந்து ஜன்னலில் குனிந்தான். "ஹா." பற்பசை, அம்மா போட்ட காப்பி, கஞ்சி மொடமொடப்பு மாறாத சட்டை, கொஞ்சம் பயம். ஆமாம், பயத்துக்கும் வாசம் உண்டு என்பது மூக்காரின் கட்சி. டூட்டிச் சீட்டை எடுத்து நீட்டினார். மேலதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார். தன் கல்யாண நாள்கூட அவருக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அந்த விடிகாலை அப்படியே அச்சுக் குலையாமல் இருக்கிறது.

இப்போது என்ன ஆயிற்று என்றால், அந்த மூக்கு செத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

ஓய்வுபெற்ற மூன்றாம் வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. எழுந்து உட்கார்ந்து காப்பியை வாயில் வைத்தால் வெந்நீர் மாதிரி இருந்தது. சோப்பை முகர்ந்தார், ஒன்றுமில்லை. வெங்காயத்தை நறுக்கி முகர்ந்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, வாசம் வரவில்லை. மனைவிக்குத் தெரியாமல் டாக்டரிடம் போனார். "சில பேருக்குத் திரும்ப வரும், சில பேருக்கு வராது. பொறுத்துப் பாருங்க" என்றார் டாக்டர். பொறுத்தார். வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? கண் போனால் கைத்தடி தருவார்கள், காது போனால் சத்தமாகப் பேசுவார்கள். மூக்காருக்கு மூக்கு போனால் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி பால் கெட்டுவிட்டதா என்று பாத்திரத்தை நீட்டினால், முகர்ந்து பார்க்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு, "எதுக்கும் கொட்டிடும்மா" என்பார். நல்ல பால் எத்தனையோ சாக்கடைக்குப் போனது.

இதெல்லாம் போகட்டும். பையன் விஷயத்துக்கு வருவோம்.

முப்பத்திரண்டு வயது அவனுக்கு. முன்பெல்லாம் டூட்டி முடிந்து வந்தால் சமையலறையில் அம்மா பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அன்றைய பயணிகள் கதையெல்லாம் சொல்வான். சில்லறைக்குச் சண்டை போட்டவர், தூங்கிப்போய் கடைசி ஸ்டாப்பில் இறங்கி இவனையே திட்டியவர் என்று ஒவ்வொருத்தர் மாதிரியும் பேசிக் காட்டுவான். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒரு வருஷமாக அந்த முக்காலி காலியாகக் கிடக்கிறது. வந்ததும் நேராகக் குளியலறை. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு தன் அறை. யாராவது பேச்சுக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொல்கிறான். பற்பசை மாதத்துக்கு மூன்று ட்யூப் தீர்கிறது.

பெற்றவள் கண்ணுக்கு இது தப்புமா? எல்லாவற்றையும்விட அவளைப் பிடித்து ஆட்டியது ஷூ லேஸ். காலையில் எழுந்து வந்து லேஸைக் கட்டும்போது பையனின் கை வெடவெடவென்று நடுங்கும். முடிச்சு விழாது. "இருங்க, வந்துடறேன்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவான். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து கட்டினால் கை கல் மாதிரி நிற்கும்.

"என்னங்க, அவன் கிளம்பறப்ப பக்கத்துல போய்க் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் ஒருநாள். வேறு என்ன சொல்வாள்? வீட்டிலேயே மூக்கார் இருக்கும்போது அவள் யாரிடம் போவாள்?

மூக்கார் போனார். காலரைச் சரிசெய்கிற சாக்கில் பையன் அருகே நின்றார். பையன் அவரை ஒரு கணம் பார்த்தான். என்ன நினைத்தானோ, சின்ன வயதில் செய்த மாதிரியே அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஹா" என்றான். கதகதவென்று காற்று பட்டது. வேறு ஒன்றும் இல்லை.

உள்ளே வந்தார். அவள் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "என்ன?"

"ஒண்ணும் இல்ல" என்றார்.

அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கொஞ்சம் சுருக்கிச் சொன்னார், அவ்வளவுதானே? பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தினம் காலையில் பையன் குனிவான், ஊதுவான், அவர் உள்ளே வருவார், அவள் "என்ன?" என்பாள், அவர் "ஒண்ணும் இல்ல" என்பார். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்புவாள்.

இப்படிச் சொல்லிவிட்டு அந்த மனுஷனால் எப்படி நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது என்று கேட்கலாம். அவருக்கு ஒரு சமாதானம் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற பிறகு டிப்போவுக்கு ஊதுகிற மெஷின் வந்துவிட்டது. சின்னப் பெட்டி, அதில் ஒரு குழாய். குடித்திருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து கீச்சென்று கத்தும். வீட்டில் நான் கோட்டை விட்டாலும் அங்கே மெஷின் பிடித்துவிடும். ஒரு வருஷமாகப் பிடிக்கவில்லை என்றால் பையன் குடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? தாய் மனசு சும்மா பதறுகிறது. இப்படிக் கணக்குப் போட்டு, அதன்மேல் தலையை வைத்துத் தூங்கினார்.

அந்தக் கணக்கில் மண் விழுந்தது ஒரு சலூனில்.

முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். பக்கத்து நாற்காலியில், கழுத்துவரை துணி போர்த்தி, முகம் நிறையச் சோப்பு நுரையோடு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். நுரைக்குள்ளிருந்து "அண்ணே!" என்று குரல் வந்தது. இப்போதைய டைம்கீப்பர். மூக்காரிடம் பத்து வருஷம் உதவியாளராக இருந்தவர். அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர்.

"மெஷின் எப்படிப்பா வேல செய்யுது?" என்றார் மூக்கார் கண்ணாடியைப் பார்த்தபடி.

"அதை ஏன் கேக்குறீங்க அண்ணே. நல்லாத்தான் வேல செய்யுது, ஆனா உங்க மூக்கு மாதிரி வருமா? போன மாசம்கூட மூணு பேர் மாட்டினாங்க."

"எல்லாரையும் ஊத வைக்கிறியா?"

"ஒருத்தர் விடாம. நம்ம பையன் ஒருத்தனத் தவிர."

சவரக்காரரின் கத்தரி மூக்காரின் காதோரம் கிச் கிச்சென்று வெட்டிக்கொண்டிருந்தது.

"ஏன், அவன மட்டும் ஏன் விடற?"

"என்ன அண்ணே இப்படிக் கேக்குறீங்க!" டைம்கீப்பர் நுரை தெறிக்கச் சிரித்தார். "நீங்க தெனம் காலையில மோந்து பாத்துட்டுத்தான் வீட்ட விட்டே அனுப்புறீங்களாமே, அவனே சொன்னான். மூக்கார் பாஸ் பண்ணின ஆளுக்கு மெஷின் எதுக்கு? அது உங்களுக்கு அவமரியாத இல்லையா?"

மூக்கார் தலையைத் திருப்பிவிட்டார். கத்தரி காதை உரசி, ஒரு பொட்டு ரத்தம் வந்தது. சவரக்காரர் பதறிப்போய்ப் பஞ்சைத் தேடினார். மூக்காருக்கு வலிக்கவே இல்லை. டிப்போ தன்னை நம்பி மெஷினை மூடி வைத்திருக்கிறது, தான் மெஷினை நம்பி மூக்கை மூடி வைத்திருக்கிறோம் என்பது மட்டும் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில் ஐம்பது ஐம்பது பேராக ஜனங்கள் ஏறி உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறார்கள், ஒரு வருஷமாக.

பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தலைய ஏன் பாதியில விட்டுட்டு வந்தீங்க?"

"அது கெடக்கட்டும். எனக்கு மூக்கு போயிடுச்சு. அந்தக் காய்ச்சலோடயே போயிடுச்சு. ஒரு வாசமும் தெரியல. அவன் ஊதறப்ப எல்லாம் நான் சும்மாத்தான் நின்னேன்."

அவள் மடித்த சட்டையை மறுபடி உதறி மறுபடி மடித்தாள். பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல், "தெரியும்" என்றாள்.

"என்னது?"

"கேஸ் கசிஞ்சுதே ஒருநாள், ஞாபகம் இருக்கா? நான் கடையிலருந்து வந்தா வாசல்லயே குப்புன்னு அடிக்குது. நீங்க அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருக்கீங்க. அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா தெனம் என்னைக் கேட்ட?"

"ஆமா, கேட்டேன்." அவள் சட்டையைக் கீழே வைத்தாள். "நீங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். அதக் கேட்டா அன்னிக்கு ஒரு பொழுது ஓடும். நான் என்ன பண்ணட்டும்? எனக்கு மூக்கு இல்லையா? அவன் சட்டைய துவைக்கிறவ நான். அவன் தலகாணி உறைய மாத்துறவ நான். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர்கள் சண்டை போட்டது கொஞ்சமா நஞ்சமா? அன்று சண்டை போடவும் தெம்பு இல்லை. இரண்டு பேரும் துணிக்குவியலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவள்தான் சொன்னாள்: "டிப்போவுல சொல்லிடாதீங்க. வேல போயிடும். அந்த ஒண்ணுதான் அவன எழுப்பி உக்கார வைக்குது. அதுவும் போச்சுன்னா நாள் பூரா குடிப்பான். ஞாயித்துக்கிழமை லீவு வரும், உக்கார வச்சு நாமளே பேசுவோம்."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. நாலு நாளும் பஸ்ஸு போகும்."

"ஒரு வருஷமா போகலையா?"

அவளுக்கே தான் சொன்னதைக் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை பையன் கிளம்பினான். லேஸ் கட்டினான். கை கல் மாதிரி நின்றது. மூக்கார் எதிரில் போய் நின்றார். இன்று கேட்டுவிடுவது என்று விடிய விடியத் தீர்மானம் செய்து வைத்திருந்தார். பையன் குனிந்தான், "ஹா." அந்த முகம் அத்தனை அருகில் வந்தது. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. தாடையில் சவரம் செய்யாத இரண்டு நாள் முடி. காதைப் பிடித்துக்கொண்டு மடியில் ஏறிய அதே முகம்தான்.

"சரி, பாத்துப் போயிட்டு வா" என்றார்.

பையன் ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனான்.

சமையலறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இன்று "என்ன?" என்று கேட்கவில்லை. அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். சே, என்ன மனுஷன் நான் என்று மூக்காருக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஆணியில் கிடந்த சட்டையை உருவி மாட்டிக்கொண்டு, செருப்பைக் காலில் நுழைத்துக்கொண்டு இறங்கினார். அவள் தடுக்கவில்லை.

பையன் வழியில் டீக்கடையில் நின்று கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து போகிறவன். மூக்கார் குறுக்குச் சந்தில் நடந்தார். இருபத்தேழு வருஷம் நடந்த சந்து. முன்பு இதே சந்தில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்: ரொட்டிக்கடை அடுப்பு, அடுத்து மர அறுவைக் கடை, அடுத்து இஸ்திரிக்கடைக் கரி என்று மூக்கே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகும். இன்று கண்ணைத் திறந்துகொண்டு நடந்தும் எதிலோ இடித்துக்கொண்டார். ரொட்டிக்கடையில் தட்டுத் தட்டாக ரொட்டி வெளியே வந்துகொண்டிருந்தது. அது படத்தில் பார்க்கிற ரொட்டி மாதிரி இருந்தது. அழுகை வந்தது அவருக்கு.

டிப்போ வாசலில் அவர் தலை தெரிந்ததுதான் தாமதம், "அண்ணே வாங்க!" என்று டைம்கீப்பர் அறையை விட்டே ஓடி வந்தார். பழைய டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் கையைப் பிடித்தார், ஒருத்தர் தொப்பை வைத்துவிட்டதே என்றார், இன்னொருத்தர் பாதி வெட்டிய தலையைப் பார்த்து, "அண்ணே, இது என்ன புது ஸ்டைலு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஐயோ, எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தத்தைக் கேட்டு!

"ஒரே ஒரு நாள் உக்காருங்க அண்ணே" என்று டைம்கீப்பர் அவரைத் தோளைப் பிடித்து அழைத்துப்போய் ஜன்னலுக்குப் பின்னால் பழைய நாற்காலியில் உட்கார வைத்தார். "புதுப் பசங்க எல்லாம் உங்கள கதையாத்தான் கேட்டிருக்காங்க. இன்னிக்கு மெஷினுக்கு லீவு. கண்ணால பாக்கட்டும்!"

சொல்ல வாயெடுப்பதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது. முதல் ஆள் ஒரு புதுப் பையன், சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து "ஹா" என்றான். மூக்காருக்குக் காற்று பட்டது. பழக்க தோஷம், தலை தானாக ஆடியது. "பாஸ்!" என்று கத்தினார் டைம்கீப்பர். கைத்தட்டு. இரண்டாவது ஆள். காற்று. தலையாட்டல். கைத்தட்டு. மூன்றாவது ஆளுக்கும் தலை ஆடியது. நான்காவதாக அவர் பையன் நின்றான்.

அப்பாவை அங்கே கண்டதும் அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் வந்தான். கையெழுத்துப் போட்டான். குனிந்து ஜன்னலுக்குள் முகத்தை நீட்டினான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஹா."

மூக்கார் தலை ஆடவில்லை. இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்றார். "எல்லாரும் கேளுங்க. என் மூக்கு போய் ஒன்றர வருஷம் ஆச்சு. டீசல் வாசம்கூடத் தெரியாது. இப்ப மூணு பேருக்குத் தலையாட்டினேனே, அது பொய்யி. இவனுக்கு ஒரு வருஷமா வீட்டுல தலையாட்டினதும் பொய்யி." டைம்கீப்பர் பக்கம் திரும்பினார். "மெஷின எடு. அந்த மூணு பேரயும் ஊதச் சொல்லு. மொதல்ல இவன ஊதச் சொல்லு."

யாரோ ஒருத்தர், வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். டைம்கீப்பர் மெஷினை எடுத்து வந்தார். பையன் குழாயை வாயில் வைத்து ஊதினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தக் கீச்சுச் சத்தம் டிப்போ தகரக் கூரை முழுக்க எதிரொலித்தது.

அவனுடைய பஸ்ஸை வேறு டிரைவர் எடுத்துக்கொண்டு போனார். பதினைந்து நாளைக்கு டூட்டி கிடையாது, டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வர வேண்டும், இன்னொரு தடவை மாட்டினால் வேலையே கிடையாது என்று டைம்கீப்பர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மன்னிச்சுடுங்க அண்ணே" என்றும் சொன்னார். யார் யாரை மன்னிப்பது?

பழைய டயர்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. பையன் அங்கே போய் உட்கார்ந்தான். மூக்கார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கத்துவான், எத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்பான், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று காத்திருந்தார்.

"என்னப் புடிக்க இத்தன நாள் ஆச்சாப்பா உங்களுக்கு?" என்றான் பையன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"காலையில ரூம்ல குடிச்சிட்டு, வாயக்கூடக் கொப்பளிக்காம வந்து உங்க மூஞ்சியில ஊதினேன். தெனம். மொத நாள் பயந்துக்கிட்டே ஊதினேன். நீங்க ஒண்ணும் சொல்லல. அன்னிக்கே புரிஞ்சு போச்சு, உங்களுக்குத் தெரியலன்னு. அதுக்கப்புறம்..." அவன் உள்ளங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அதுக்கப்புறமும் ஊதினேன். என்னிக்காவது தெரியாதான்னு. என்னால நிறுத்த முடியலப்பா. நானா வந்து சொல்லவும் முடியல. நீங்க புடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன். சின்ன வயசுல ஒரு மிட்டாயக்கூட விட மாட்டீங்களே."

மூக்கார் பையன் முதுகில் கை வைத்தார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. முதல் பஸ்கள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. டிரைவர்கள் இந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டிப் போனார்கள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா..." என்றான்.

"அம்மாவுக்குத் தெரியும்."

"நான் குடிக்கிறதா?"

"நீ குடிக்கிறதும் தெரியும், எனக்கு மூக்கு போனதும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் தெனம் என்னைக் கேட்டுட்டு இருந்தா."

பையன் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். சிறுபிள்ளையில்கூட அவன் அப்படி அழுததில்லை. மூக்கார் அழ விட்டார். வெயில் தகரக் கூரையைத் தொட்டு, டயர் அடுக்கில் இறங்கி, அவர்கள் காலடிக்கு வந்தது.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

"போய்?"

"அம்மாகிட்ட நீயே வாயத் திறந்து சொல்லு."

"சொல்லிட்டு? அதுக்கப்புறம் என்னப்பா பண்றது?"

மூக்கார் அந்த ஜன்னலையும் வாசலையும் பார்த்தார். எத்தனை ஆள்களை அங்கிருந்து திருப்பி அனுப்பியிருப்பார்! தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள். அந்தத் திருப்பம் தாண்டியதும் மறைந்துவிடுவார்கள். அடுத்த ஆள் ஜன்னலுக்கு வந்துவிடுவான்.

"தெரியலப்பா" என்றார். "வீட்டுக்குப் போன்னு சொல்றதோட என் வேல முடிஞ்சுடும். போனவன் வீட்டுல என்ன ஆச்சுன்னு இருபத்தேழு வருஷத்துல ஒரு நாளும் நான் போய்ப் பாத்ததில்ல. இன்னிக்குத்தான் கூட வரேன். நட."